பணத்தின் பெயரும் பணத்தின் கடப்பாடும்

ஒருவருடைய செலவை இன்னொருவர் ஏற்றுக்கொள்வதைச் சொல்ல ஆங்கிலத்தில் இருக்கும் சொற்களை வரிசையாக எழுதினால் ஒரு பக்கம் நிறைந்துவிடும். ஸ்பான்சர்ஷிப், கிராண்ட், சப்சிடி, எண்டோமென்ட், டொனேஷன், சப்ஸ்கிரிப்ஷன், ஸ்காலர்ஷிப், பர்சரி, ஃபெலோஷிப், ஸ்டைபெண்ட், அண்டர்ரைட்டிங், கிரவுட்ஃபண்டிங் என்று பட்டியல் நீளும். நம் அகராதிகளும் நாளிதழ்களும் இவற்றில் பெரும்பாலானவற்றை நிதியுதவி, உதவித்தொகை, மானியம், நன்கொடை என்ற நான்கைந்து சொற்களுக்குள் அடக்கிவிடுகின்றன. மேலோட்டமாகப் படிப்பவருக்கு இதனால் பெரிய நட்டமில்லை. ஆனால் வெளிநாட்டுக் கல்லூரியின் சேர்க்கைக் கடிதத்தைப் பிரிக்கும் மாணவருக்கும், நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும் விளையாட்டுச் சங்கத்துக்கும், பெற்றோரைக் கனடாவுக்கு அழைக்க விண்ணப்பிக்கும் மகனுக்கும், இச்சொற்களில் எது தாளில் அச்சாகியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பின்னால் வரும் பொறுப்பு அமைகிறது.

கொடுப்பவர் யார், தொகை எவ்வளவு என்பவற்றை வைத்து இச்சொற்களைப் பிரித்துக் கற்பிப்பது பள்ளி வழக்கம்: அரசு கொடுத்தால் கிராண்ட், நிறுவனம் கொடுத்தால் ஸ்பான்சர்ஷிப், தனிமனிதர் கொடுத்தால் டொனேஷன். இந்தப் பாகுபாடு கொஞ்ச தூரம்தான் வரும். அரசும் விளையாட்டை ஸ்பான்சர் செய்கிறது. தனியார் அறக்கட்டளையும் கிராண்ட் தருகிறது. நிறுவனமும் டொனேஷன் கொடுக்கிறது. உண்மையில் இச்சொற்களைப் பிரித்து நிறுத்துவது பணத்தோடு ஒட்டிவரும் கடப்பாடு. அதை நான்கு கேள்விகளால் அளக்கலாம். பணம் திரும்பிப் போக வேண்டுமா? அதற்குக் கைமாறாக என்ன தர வேண்டும்? எதற்குச் செலவிடலாம் என்பதை யார் முடிவு செய்கிறார்? செலவழித்ததற்கு யாரிடம் கணக்குக் காட்ட வேண்டும்? ஒவ்வொரு சொல்லும் இக்கேள்விகளுக்கு ஒரு தனி விடைத்தொகுப்பு. இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடப்பாடு மாறாமலேயே பெயர் மாறுவதுண்டு. அப்படி மாறும்போது பெரும்பாலும் கனத்த கடப்பாட்டின் மேல் இலேசான பெயர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே இச்சொற்களைக் கற்பது என்றால் அவற்றின் பொருளைக் கற்பதோடு, எந்த இடத்தில் அவற்றை நம்பக் கூடாது என்பதையும் கற்பதுதான்.

ஜாமீன்தாரரிலிருந்து விளம்பரதாரர் வரை

இன்று 'ஸ்பான்சர்' என்றதும் கிரிக்கெட் சட்டையில் ஒட்டிய பெயர்தான் நினைவுக்கு வரும். ரோமானியச் சட்டத்தில் அச்சொல் குறித்தது ஜாமீன்தாரரை. கடன்பட்டவர் தவறினால் நான் தருகிறேன் என்று முறைப்படி வாக்குக் கொடுத்தவர் அவர். கிறித்தவத் திருமுழுக்கில் பேச்சு வராத குழந்தைக்காக வாக்குறுதி சொல்லும் ஞானப்பெற்றோரையும் ஆங்கிலம் இதே சொல்லால் அழைத்தது. இந்தப் பழைய பொருள் செத்துவிடவில்லை. கனடாவின் குடிவரவு முறையில் பெற்றோரை ஸ்பான்சர் செய்பவர் கியூபெக் தவிர்த்த மாகாணங்களில் 20 ஆண்டுகளுக்கு அவர்களுடைய அடிப்படைச் செலவுகளுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். வாழ்க்கைத் துணைக்கு இது 3 ஆண்டுகள். அந்தக் காலத்தில் வந்தவர் அரசின் சமூக உதவிப் பணத்தைப் பெற்றுவிட்டால், அழைத்தவர் அதை அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றின் வீட்டுப் பேச்சில் 'ஸ்பான்சர் பண்ணுறது' என்பது இந்தப் பொருளில்தான் புழங்குகிறது. இதில் விளம்பரமும் இல்லை, கொடையும் இல்லை. முழுக்க முழுக்கப் பிணை. வளைகுடா நாடுகளில் 'ஸ்பான்சர்' என்றால் கஃபீல், அதாவது தொழிலாளியின் விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளி. பொறுப்பு அங்கே அதிகாரமாகவும் மாறியது. கத்தார் 2020-இல் சட்டத்தைத் திருத்தும்வரை அங்கு வேலை மாற விரும்பிய தொழிலாளி தன் ஸ்பான்சரிடம் ஆட்சேபணையின்மைச் சான்று வாங்க வேண்டியிருந்தது.

விளம்பரப் பொருள் அமெரிக்க வானொலியில் பிறந்தது. நியூயார்க்கின் டபிள்யூஈஏஎஃப் நிலையம் 1922 ஆகஸ்ட் 28 அன்று குயின்ஸ்பரோ என்ற வீட்டுமனை நிறுவனத்திடம் பணம் பெற்று அதன் குடியிருப்புகளைப் பற்றிய பேச்சை ஒலிபரப்பியது. அடுத்த பத்தாண்டில் சோப்பு நிறுவனங்கள் பகல்நேரத் தொடர்நாடகங்களையே தயாரிக்கத் தொடங்கின. பிராக்டர் அண்ட் கேம்பிளின் 'மா பெர்கின்ஸ்' 1933-இல் தொடங்கியது. 'சோப் ஒபரா' என்ற பெயர் அப்படி வந்ததுதான். அக்காலத்து ஸ்பான்சர் நிகழ்ச்சிக்கு நடுவே இரண்டு நிமிடம் வாங்கியவர் அல்லர், நிகழ்ச்சியே அவருடையது. கதை எப்படிப் போக வேண்டும், யார் நடிக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை அவரிடம் இருந்தது. 1950-களின் தொலைக்காட்சி வினாடி வினாக்களில் சில போட்டியாளர்களுக்கு முன்கூட்டியே விடை கொடுக்கப்பட்டது 1959-இல் அமெரிக்கக் காங்கிரசின் விசாரணையில் அம்பலமானது. அதன்பின் நிகழ்ச்சிகளின் கட்டுப்பாட்டை ஒளிபரப்பு நிறுவனங்கள் தங்கள் கைக்குள் இழுத்துக்கொண்டன, விளம்பரதாரருக்கு நிமிடக் கணக்கில் நேரம் விற்றன. சொல் அப்படியே நின்றது. ஆனால் மூன்றாவது கேள்விக்கான விடை, அதாவது முடிவெடுப்பவர் யார் என்பது, தலைகீழாகிவிட்டது.

ஒரே மனிதர், நான்கு வகைப் பணம்

கடப்பாட்டை வைத்துச் சொற்களைப் பிரிப்பது இன்றைய வழக்கறிஞர்களின் கண்டுபிடிப்பு என்று எண்ண வேண்டாம். 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சனின் வாழ்க்கை ஒன்றே போதும். 1746-இல் லண்டன் புத்தக வணிகர்களின் கூட்டு ஒன்று அகராதிக்காக அவரோடு 1,575 பவுண்டுக்கு ஒப்பந்தம் செய்தது. எழுத்தர்களின் கூலியும் அதிலிருந்தே போக வேண்டும். இது விலைக்கு முன்பணம், கைமாறு புத்தகம். மறுபுறம், திட்ட அறிக்கையைச் செஸ்டர்ஃபீல்டு பிரபுவுக்கு முகவரியிட்டு வெளியிட்டு அவரைப் புரவலராக்கப் பார்த்தார். பிரபு பல ஆண்டுகள் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டு, நூல் வெளிவரும் தறுவாயில் பாராட்டிக் கட்டுரை எழுதினார். ஜான்சன் 1755-இல் அவருக்கு எழுதிய கடிதம் புரவலர் மரபின் மீது விழுந்த பெரிய அடியாகப் பேசப்படுகிறது. அதே ஆண்டு வெளிவந்த அகராதியிலும் 'பேட்ரன்' என்ற சொல்லுக்குக் கசப்பான விளக்கம் ஒன்றைச் சேர்த்தார். புரவலர் பணத்துக்கான கைமாறு எங்கும் எழுதப்படாத முகத்துதி என்பதே அந்தக் கசப்பின் சாரம்.

அடுத்ததாக ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பதிப்புக்கு 1756-இல் சப்ஸ்கிரிப்ஷன் திரட்டினார். இங்கே பணம் தந்தவர்கள் ஒருவரல்லர், பலர். கைமாறு எழுத்தில் இருந்தது. ஆனால் காலக்கெடு கைநழுவி, பதிப்பு 1765-இல்தான் வந்தது. இடையில் சார்லஸ் சர்ச்சில் என்ற கவிஞர், முன்பணம் வாங்கிக்கொண்டு நூல் தராதவர் என்று அவரை நையாண்டி செய்தார். நான்காவது வகை 1762-இல் வந்தது: ஆண்டுக்கு 300 பவுண்டு அரசுப் பென்ஷன். சிக்கல் என்னவென்றால், தன் அகராதியில் 'பென்ஷன்' என்பதை நாட்டுக்கு எதிராக நடக்க அரசு தரும் கூலி என்ற தொனியில் விளக்கியிருந்தவரும் இதே ஜான்சன்தான். தயங்கியவரிடம் பிரதமர் பியூட் பிரபு, இது இதுவரை செய்ததற்காக, இனிச் செய்ய வேண்டியதற்காக அல்ல என்று உறுதி சொன்ன பிறகே அவர் ஏற்றுக்கொண்டார். அங்கே பேரம் தொகையைப் பற்றியதே இல்லை. கைமாறு உண்டா இல்லையா என்பது மட்டுமே கேள்வி. ஒரே எழுத்தாளரின் மேசைக்கு வந்த நான்கு பணங்களும் அவரை நான்கு விதமாகக் கட்டின. அந்த நான்கு கட்டுகளுக்கும் ஆங்கிலத்தில் நான்கு பெயர்கள் இருந்தன. சப்ஸ்கிரிப்ஷன் முறை தமிழ் அச்சுலகத்துக்கும் பழக்கமானதே. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரும் முன்கூட்டியே கையொப்பம் திரட்டினார். இன்றைய கிரவுட்ஃபண்டிங் தளங்கள் அதே முறையை இணையத்தில் விரித்திருக்கின்றன; நூல் தாமதமானால் எழும் மனக்கசப்பும் மாறவில்லை.

மேலிருந்து வருவதும் நிலைத்து நிற்பதும்

'கிராண்ட்' என்பது திரும்பத் தர வேண்டியதில்லாத பணம். இந்த ஓர் இலக்கணத்தோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அதன் எடை மூன்றாம் நான்காம் கேள்விகளில் இருக்கிறது: சொன்ன நோக்கத்துக்கு மட்டுமே செலவிடலாம், கணக்குக் காட்ட வேண்டும். இந்திய அரசின் 2017-ஆம் ஆண்டு பொது நிதி விதிகளின்படி கிராண்ட் பெறும் நிறுவனம் படிவம் 12-ஏ-வில் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். மீதமுள்ள பணம் எவ்வளவு என்பதும் அதில் இருக்கும். 1854-இல் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை இந்தியாவில் கொண்டுவந்த 'கிராண்ட்-இன்-எய்டு' முறையும் இதே அமைப்புதான்: தனியார் பள்ளிக்கு அரசு பணம் தரும், பதிலுக்கு ஆய்வாளர் வந்து பார்ப்பார். நாம் இன்றும் 'அரசு உதவி பெறும் பள்ளி' என்கிறோம். அந்த உதவியோடு ஆசிரியர் நியமனம் முதல் கட்டணம் வரை அரசின் விதிகளும் கூடவே வருகின்றன.

'சப்சிடி' என்ற சொல்லின் வரலாறு திசையின் வரலாறு. இடைக்கால இங்கிலாந்தில் நாடாளுமன்றம் அரசருக்கு ஒதுக்கிக் கொடுத்த வரியின் பெயர் அது. பணம் கீழிருந்து மேலே போனது. 18-ஆம் நூற்றாண்டில் அது போரில் கூட்டாளி நாட்டுக்குத் தரும் பணமானது. 1758 ஒப்பந்தத்தின்படி பிரிட்டன் பிரஷ்யாவின் ஃபிரெடெரிக் அரசருக்கு ஆண்டுக்கு 6,70,000 பவுண்டு தந்தது. 1798 முதல் கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லி இந்திய மன்னர்கள் மீது சுமத்திய துணைப்படைத் திட்டத்தில் திசை மறுபடியும் புரண்டது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை வைத்துக்கொள்ளும் செலவை ஐதராபாத் நிஜாம் போன்றவர்கள் 'சப்சிடி' என்ற பெயரில் கம்பெனிக்குக் கட்டினார்கள். இன்று உரத்துக்கும் சமையல் எரிவாயுவுக்கும் அரசு தருவது சப்சிடி. உலக வணிக அமைப்பின் 1995 ஒப்பந்தம் அதை அரசோ பொது அமைப்போ தரும், பெறுபவருக்கு நன்மை உண்டாக்கும் நிதிப் பங்களிப்பு என்று வரையறுக்கிறது. கிராண்ட் ஒரு வேலையை முன்வைத்து வருவது. சப்சிடி ஒரு பொருளின் விலையை இறக்க வருவது. தமிழில் இரண்டும் மானியம்தான். சட்டமன்றத்தில் 'மானியக் கோரிக்கை' என்பது துறைகளுக்கான கிராண்ட். வங்கிக் கணக்கில் விழும் 'கேஸ் மானியம்' சப்சிடி. சூழல் தெளிவாக இருக்கும்வரை இதில் குழப்பமில்லை. மொழிபெயர்த்த திட்ட அறிக்கைகளில் சூழல் பெரும்பாலும் தெளிவாக இருப்பதில்லை.

'எண்டோமென்ட்' என்பதன் தனித்தன்மை, முதலைத் தொடாமல் வருவாயை மட்டும் செலவிடுவது. சோழர் காலக் கல்வெட்டுகளை அறிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 90 அல்லது 96 ஆடுகள் கொடுக்கப்பட்டன. ஆடுகளை ஏற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு தட்டியதும் செத்ததும் போக, குட்டிகளால் மந்தையின் எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டும். அதனால்தான் அவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்குக் கேட்கப்பட்ட 60 லட்சம் டாலரின் கணக்கும் இதே கணக்குதான். இரண்டு மருத்துவர்கள் தொடங்கி வைத்தார்கள், தமிழக அரசு 10 கோடி ரூபாய் தந்தது, உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள், 2018-இல் இலக்கு எட்டப்பட்டது. ஒரு பேராசிரியரின் சம்பளத்துக்கு இவ்வளவா என்று அப்போது கேட்டவர்கள் அதை டொனேஷனாக நினைத்துக் கேட்டார்கள். எண்டோமென்டாகப் பார்த்தால், என்றென்றைக்கும் வட்டியில் நடக்க வேண்டிய பதவிக்கு அந்த முதல் தேவை என்பது விளங்கும்.

கடனுக்கு 136 பெயர்கள்

இதுவரை பார்த்த சொற்கள், பொருள் மாறினாலும், அந்தந்தக் காலத்தில் தம் கடப்பாட்டை ஓரளவு வெளிப்படையாகவே சொன்னவை. பெயர் கடப்பாட்டை மறைக்கத் தொடங்கும் இடத்தை அமெரிக்க உயர்கல்வியில் மிக நெருக்கமாகப் பார்க்கலாம். அங்கே சொற்பிரிவு கோட்பாட்டளவில் தெளிவானது. ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் தகுதியைப் பார்த்து வருவது. கிராண்ட் குடும்ப வருமானத்தைப் பார்த்து வருவது. இரண்டையும் திருப்பித் தர வேண்டியதில்லை. பிரிட்டனில் தேவையைப் பார்த்துத் தருவதற்குப் பர்சரி என்று பெயர். அசிஸ்டென்ட்ஷிப் என்றால் பாடம் நடத்தியோ ஆய்வகத்தில் உழைத்தோ ஈட்ட வேண்டும். ஒர்க்-ஸ்டடி என்பது வேலை செய்தால் மட்டுமே கைக்கு வரும் கூலி. லோன் என்றால் வட்டியோடு திருப்ப வேண்டும். அதிலும் சப்சிடைஸ்டு லோனுக்குப் படிக்கும் காலத்து வட்டியை அரசு கட்டும், அன்சப்சிடைஸ்டு லோனுக்குப் பணம் தந்த நாளிலிருந்தே வட்டி ஏறும்.

இவை அனைத்தையும் கல்லூரிகள் 'ஃபைனான்ஷியல் எய்டு' என்ற ஒரே தலைப்பின் கீழ் 'அவார்டு லெட்டர்' என்ற கடிதத்தில் அடுக்கித் தருகின்றன. கடனும் அங்கே 'அவார்டு' ஆகிவிடுகிறது. நியூ அமெரிக்கா, யூஆஸ்பயர் என்ற இரு அமைப்புகள் இத்தகைய கடிதங்களை ஆராய்ந்து 2018-இல் அறிக்கை வெளியிட்டன. அன்சப்சிடைஸ்டு மாணவர் கடனைக் கொடுத்த 455 கல்லூரிகள் அந்த ஒரே கடனுக்கு 136 வெவ்வேறு பெயர்களைப் பயன்படுத்தியிருந்தன. அவற்றில் 24 பெயர்களில் 'லோன்' என்ற சொல்லே இல்லை. அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2022 டிசம்பரில், ஏறத்தாழ 91 சதவீதக் கல்லூரிகள் மாணவர் உண்மையில் கட்ட வேண்டிய நிகரத் தொகையைக் கடிதத்தில் சொல்லவே இல்லை அல்லது குறைத்துச் சொல்கின்றன என்று கண்டறிந்தது. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பதினெட்டு வயதுப் பிள்ளை, கிராண்டும் லோனும் ஒரே பத்தியில் கூட்டப்பட்டு வந்த மொத்தத் தொகையைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிறது. எது பரிசு, எது கடன் என்பது முதல் தவணை வரும்போது தெரிகிறது.

இது கல்லூரிகளோடு நிற்பதன்று. இங்கிலாந்தின் நான்காம் எட்வர்டு 1470-களில் செல்வர்களை நேரில் அழைத்துப் பணம் பறித்தபோது அதற்கு 'பெனவலன்ஸ்' என்று பெயர் வைத்தார். நல்லெண்ணக் கொடை என்று பொருள். 1484-இல் நாடாளுமன்றம் அதைத் தடைசெய்தது. தமிழ்நாட்டில் கல்லூரி இடத்துக்காகக் கட்டாயமாகக் கேட்கப்பட்ட பணத்துக்கு 'டொனேஷன்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் மெய்ப்பெயரான கேபிடேஷன் கட்டணம் என்பதைச் சொல்லித் தடைசெய்தது. எதிர்த்திசையிலும் நடக்கிறது. கடன் பத்திரத்தைக் குறிக்கும் 'பாண்டு' என்ற சொல், 2018-இல் அரசியல் கட்சிகளுக்கான நன்கொடைக்கு வைக்கப்பட்டது. தேர்தல் பத்திரத்தை வாங்கியவருக்கு யாரும் எதையும் திருப்பித் தர வேண்டியிருக்கவில்லை. கொடுத்தவர் பெயர் வாக்காளருக்குத் தெரியாதபடி அத்திட்டம் அமைந்திருந்தது. உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று அத்திட்டத்தை ரத்து செய்தபோது, வாக்காளரின் தகவல் அறியும் உரிமையை அடிப்படையாகக் கொண்டது. நம் நான்காவது கேள்வியும் அதுதான். தொழில்முனைவு உலகில் பங்கை விற்றுப் பெறும் முதலீடு வெறும் 'ஃபண்டிங்' ஆகிறது. பன்னாட்டு நிதியத்தின் கடன் 'ஃபெசிலிட்டி' ஆகிறது. ஒலிம்பிக்கின் பெரிய விளம்பரதாரர்கள் 1985-இல் தொடங்கிய திட்டத்தின் வழியே 'பார்ட்னர்' ஆகியிருக்கிறார்கள்.

சட்டம் பெயரைக் கேட்பதில்லை

பெயர்கள் இப்படி நழுவுவதைப் பார்த்துச் சட்டங்கள் பெயரை விட்டுவிட்டுக் கைமாறைப் பிடித்துக்கொண்டன. அமெரிக்காவில் காட்டன் பௌல் கால்பந்துப் போட்டிக்கு எண்ணெய் நிறுவனம் தந்த பணம் விளம்பர வருமானம் என்று வரித்துறை 1991-இல் சொன்னதும் பெரிய சர்ச்சை எழுந்தது. 1997-இல் வந்த திருத்தம் ஸ்பான்சர் பணத்தை இரண்டாகப் பிரித்தது. பெயரையும் சின்னத்தையும் காட்டி நன்றி சொல்வதோடு நின்றால் வரியில்லை. விலையைச் சொன்னாலோ, பிற பொருளோடு ஒப்பிட்டாலோ, வாங்கச் சொல்லித் தூண்டினாலோ அது விளம்பரம்.

நம் ஊர்க் கோயில்களில் டியூப் லைட்டின் பாதியை மறைத்துக்கொண்டு 'உபயம்' என்று பெயர் எழுதியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். இந்தியாவின் மறைமுக வரி வாரியம் 2019 அக்டோபரில் வெளியிட்ட சுற்றறிக்கை கிட்டத்தட்ட இதைப் பற்றியதே. அறநிறுவனத்துக்குக் கொடுத்த பொருளின் மீதோ கட்டிய அறையின் மீதோ கொடையாளரின் பெயரை எழுதினால் ஜிஎஸ்டி உண்டா என்பது கேள்வி. தந்தையின் நினைவாக இன்னார் வழங்கியது என்றிருந்தால் அது நன்கொடை, வரியில்லை. பெயர் அவருடைய வணிகத்தை விளம்பரப்படுத்துவதாக இருந்தால் அது சேவை, வரி உண்டு. அளவுகோல் எழுத்தின் அளவன்று, எழுத்தால் யாருக்கு என்ன வணிக லாபம் என்பது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்ற 2013 கம்பெனிச் சட்டத்துக்கான விதிகள் 2021-இல் திருத்தப்பட்டபோதும், தம் பொருளைச் சந்தைப்படுத்தும் நோக்கில் செய்யும் ஸ்பான்சர்ஷிப் இக்கணக்கில் சேராது என்று தெளிவாக்கப்பட்டது. உலக சுகாதார அமைப்பின் 2003 புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே போனது. புகையிலையை ஊக்குவிக்கும் நோக்கமோ விளைவோ இருந்தால் எவ்வகைப் பங்களிப்பும் ஸ்பான்சர்ஷிப்தான் என்று வரையறுத்தது. பெயரை மாற்றித் தப்பிக்கும் வழியை அடைக்க வேண்டியிருந்தது என்பதே அந்த அகன்ற வரையறையின் காரணம்.

மூன்று எதிர்வாதங்கள்

இந்த வாதத்துக்கு முதல் மறுப்பு மானிடவியலிலிருந்து வரும். கைமாறு எதிர்பார்க்காத கொடை என்று ஒன்றுமில்லை, எல்லாக் கொடையும் திரும்பத் தரும் கடமையை உண்டாக்குகிறது என்று மார்செல் மோஸ் 1925-இல் வெளிவந்த ஆய்வில் காட்டினார். அப்படியானால் கொடைக்கும் ஸ்பான்சர்ஷிப்புக்கும் கடனுக்கும் உள்ள கோடே கற்பனைதானே என்று கேட்கலாம். மோஸ் சொன்னதில் உண்மை உண்டு. நம்மிடமே அதற்குச் சான்று இருக்கிறது. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டக் கிராமங்களின் மொய் விருந்துகளில் யார் எவ்வளவு வைத்தார் என்பது நோட்டில் ஏறும். அடுத்த முறை அதற்குக் குறையாமல் திருப்பி வைக்க வேண்டும். பெயரளவில் அன்பளிப்பு, நடப்பில் கணக்கு. ஆனால் மொய்க்கு அதன் கடப்பாட்டைச் சரியாகச் சொல்லும் தனிப்பெயர் இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். அதை யாரும் நன்கொடை என்று நினைத்து ஏமாறுவதில்லை. எதிர்பார்ப்பு எல்லாக் கொடையிலும் உண்டு என்பதனால், நீதிமன்றம் போய் வசூலிக்கக்கூடிய கடப்பாட்டுக்கும் முகம் சுளிப்பதோடு முடியும் எதிர்பார்ப்புக்கும் வேறுபாடு இல்லை என்றாகிவிடாது.

இரண்டாவது மறுப்பு மொழியியலாளருடையது: சொற்கள் மாறிக்கொண்டேதான் இருக்கும், பயன்பாடே பொருள், பழைய பொருளைக் கட்டிக்கொண்டு அழுவது வீண். சப்சிடி திசை மாறியதையும் ஸ்பான்சர் ஜாமீனிலிருந்து விளம்பரத்துக்கு வந்ததையும் இக்கட்டுரை குறையாகச் சொல்லவில்லை. அவை சமூகம் முழுதும் சேர்ந்து மெல்ல மாற்றியவை. மாறியபின் எல்லோருக்கும் ஒரே பொருள். ஒரு கடனுக்கு 136 பெயர்கள் வந்தது அப்படிப்பட்ட மாற்றமன்று. அங்கே பெயர் வைப்பவர் ஒரு தரப்பு, அதைப் படித்துக் கையெழுத்திட்டுக் கடனாளியாவது மறுதரப்பு. இரு தரப்புக்கும் அச்சொல்லின் பொருள் ஒன்றாக இல்லை என்பதுதான் குற்றச்சாட்டு.

மூன்றாவது மறுப்பு நடைமுறையைச் சார்ந்தது: இன்றைய ஏற்பாடுகள் எந்தச் சொல்லுக்குள்ளும் அடங்காத கலப்புகள். கொரோனா காலத்தில் அமெரிக்க அரசு சிறுதொழில்களின் சம்பளச் செலவுக்காக ஏறத்தாழ 80,000 கோடி டாலரைக் கடனாகத் தந்தது. விதிகளின்படி செலவிட்டவர்களுக்குக் கடன் தள்ளுபடியானது, பெரும்பகுதி அப்படியே தள்ளுபடியும் ஆனது. இது கடனா, கிராண்டா? பெயரைப் பிடித்துக்கொண்டால் விடை இல்லைதான். கேள்விகளைப் பிடித்துக்கொண்டால் சிக்கலில்லை: நிபந்தனையை மீறினால் திரும்பும், நிறைவேற்றினால் திரும்பாது, நோக்கம் அரசு சொன்னது, கணக்கு அரசுக்குக் காட்ட வேண்டியது. கலப்பு மிகுந்தவிடத்தில்தான் நான்கு கேள்விகளையும் தனித்தனியே கேட்பது அதிகம் உதவுகிறது.

தமிழில் எழுதுபவருக்கு

இதிலிருந்து தமிழுக்கு வரும் பாடம் ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஒரு சொல்லை வார்த்துக்கொண்டே போவதன்று. தேவையான பிரிவுகள் பல நம்மிடம் ஏற்கனவே உள்ளன. ஜாமீன், புரவலர், விளம்பரதாரர், கட்டளை, உபயம், காணிக்கை, மொய், நல்கை, மானியம், முன்பணம், கைமாற்று என்று எண்ணிப்பார்த்தால், ஒவ்வொன்றும் ஒரு கடப்பாட்டைக் குறிக்கிறது. 'ஸ்பான்சர்' என்ற ஆங்கிலச் சொல்லை ஜாமீன்தாரர், புரவலர், விளம்பரதாரர் என்று இடத்துக்கேற்பப் பிரித்து எழுதத் தமிழால் முடியும். அந்தவகையில் ஆங்கிலத்தை விடவும் தெளிவாகவே சொல்ல முடியும். குறை இருப்பது சொல்வளத்தில் அன்று, 'நிதியுதவி' என்ற ஒன்றை எல்லா இடத்திலும் தூவிவிடும் சோம்பலில்.

அந்தச் சோம்பலின் விலை சிறியதன்று. 2023 மார்ச்சில் பன்னாட்டு நிதியம் இலங்கைக்கு 48 மாதங்களில் சுமார் 300 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அது கடன்; அடுத்தடுத்த தவணைகளுக்கு முன்பு மீளாய்வு உண்டு; வரி உயர்வும் மின்கட்டண மாற்றமும் அதனோடு வந்தவை. அதை 'உதவி' என்று மட்டும் தலைப்பிட்டால், அடுத்த ஆண்டு வரிச்சுமை ஏன் கூடியது என்ற கேள்விக்கு வாசகரிடம் விடையின் பாதி இல்லாமல் போகிறது. நிதி பற்றிய எந்தச் செய்தியிலும், பணம் திரும்ப வேண்டுமா, கைமாறு என்ன என்ற இரண்டையாவது முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவது செய்தியாளரின் கடமையாக இருக்க வேண்டும். கல்லூரிக் கடிதத்தையும் விசா உறுதிமொழியையும் மொழிபெயர்ப்பவருக்கும் இது பொருந்தும்: தாளில் இருக்கும் பெயரை மாற்றித் தருவதோடு நிற்காமல், கையெழுத்திடுபவர் எதற்கு எத்தனை ஆண்டு பொறுப்பாகிறார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். கொடுப்பவருக்குத் தன் பணத்தின் நிபந்தனை எப்போதும் தெரியும். தெரியாமல் போவது பெறுபவருக்குத்தான் என்பதால், சொல்லில் துல்லியம் கேட்கும் உரிமையும் முதலில் பெறுபவருடையதே.